பித்தப்பைக் கற்கள்: அறுவை யாருக்கு, எப்போது?

வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த வயிற்று ஸ்கேன் அறிக்கையில் பித்தப்பையில் கற்கள் இருப்பதாக ஒரு வரி தென்படுவதும், அந்த வரியை வைத்தே குடும்பம் அறுவை சிகிச்சைக்கு நாள் பார்க்கத் தொடங்குவதும் நகரங்களில் மட்டுமல்லாமல் சிற்றூர்களிலும் இன்று வழக்கமாகிவிட்டன. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, நான்கு சிறு துளைகள் போதும், ஓரிரு நாளில் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையே இந்த அவசரத்துக்கு ஆதாரம். லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவை சிகிச்சை அந்த நம்பிக்கைக்குத் தகுதியானதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால், அறுவை எளிதாகிவிட்டது என்பது ஒன்று, அறுவை தேவைப்படுகிறது என்பது வேறொன்று. இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போனதன் விளைவாக, தேவையற்றவர்கள் சிலர் அறுவை மேசைக்குப் போவதும், உடனடியாகப் போக வேண்டியவர்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதும் ஒரே காலத்தில் நடந்துகொண்டிருக்கின்றன.

கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் இந்நீரில் ஒரு பகுதி, உணவு உண்ணாத வேளைகளில், கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பித்தப்பைக்குள் சென்று, தன்னிடமுள்ள தண்ணீரை இழந்து, பல மடங்கு செறிவடைந்து தங்கியிருக்கிறது. 30 முதல் 50 மில்லி லிட்டர் வரை மட்டுமே கொள்ளும் இந்தச் சிறு பை, கொழுப்புள்ள உணவு சிறுகுடலை எட்டியதும் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனின் தூண்டுதலால் சுருங்கி, பித்தநீரைப் பொதுப் பித்தக்குழாய்க்குள் தள்ள, அது கணையநீர் வரும் நாளத்துடன் சேர்ந்து குடலில் இறங்குகிறது. பித்தநீரை உண்டாக்குவது பித்தப்பை அன்று. அதைச் சேமித்து வைப்பது மட்டுமே அதன் வேலை என்பதால்தான், பையை எடுத்த பிறகும் செரிமானம் பெரும்பாலும் தடைபடுவதில்லை. சிலருக்குச் சில காலம் மலம் இளகிப் போகலாம். வாழ்நாள் முழுவதும் எண்ணெயைத் தொடாத பத்தியம் எவருக்கும் தேவையில்லை.

பித்தநீரில் கொலஸ்டிரால் கரைந்த நிலையில் இருப்பதற்குப் பித்த உப்புகளும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் துணைசெய்கின்றன. கொலஸ்டிரால் அளவு மீறும்போதோ, பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கும்போதோ, கரைசலில் இருந்தது படிகமாகப் பிரிந்து, சளியோடு ஒட்டித் திரண்டு கல்லாகிறது. உடல்பருமன், பேறுகாலம், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், குறுகிய காலத்தில் எடையை வெகுவாகக் குறைத்தல் ஆகியவை இதற்கு வழிசெய்கின்றன. பட்டினி கிடந்து மெலிவோருக்கும் பருமன் குறைப்பு அறுவை செய்துகொண்டோருக்கும் கல் புதிதாக உருவாவது இதனால்தான். இரண்டாவது வகை, சிவப்பணுக்கள் சிதைவதால் பெருகும் பிலிருபின் என்ற நிறமியிலிருந்து உருவாகும் கருநிறக் கற்கள். தலசீமியா, அரிவாள் செல் நோய் போன்ற ரத்த நோய்கள் உள்ளவர்களிடம் இவை இளவயதிலேயே தோன்றுகின்றன. இந்தியாவில் அரிவாள் செல் நோய் முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான் என்பதால், மலைக்கிராமச் சிறுவர் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தால் அங்குள்ள மருத்துவர் பித்தப்பையையும் நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். வட இந்தியாவில் கொலஸ்டிரால் கற்கள் மிகுதியாகவும், தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாகவும் காணப்படுகின்றன. இந்த வேறுபாடு வெறும் புவியியல் தகவல் அன்று, மாத்திரையால் கல்லைக் கரைக்க முடியுமா என்ற கேள்வியையும் இது நேரடியாகத் தொடுகிறது.

உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து கொலஸ்டிரால் கற்களை மட்டுமே கரைக்கவல்லது. அதுவும் கற்கள் சிறியனவாகவும், சுண்ணாம்பு படியாதனவாகவும், பை நன்கு சுருங்குவதாகவும் இருந்தால்தான் பலன் தரும். மாதக்கணக்கில் விழுங்கிக் கரைத்த பிறகும், 5 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் மீண்டும் உருவாகிவிடுகிறது. நிறமிக் கல்லின் மீது இம்மருந்துக்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும், கல் கரைவதற்கென்று ஆண்டுக்கணக்கில் இதை எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டுகள் தமிழகத்தில் குறைவில்லை. சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பழகிய வீடுகளில், அதே சாற்றைப் பித்தப்பைக் கல்லுக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டும் கல் என்று சொல்லப்பட்டாலும், ஒன்று சிறுநீர்ப் பாதையில் இறங்கி வெளியேறக்கூடியது, மற்றொன்றுக்கு அந்தப் பாதையோடு தொடர்பே கிடையாது. பித்தப்பையிலிருந்து கல் நகர்வது நல்ல செய்தியும் அன்று, ஏனெனில் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் தொடங்குவதே அந்த நகர்வில்தான். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் மற்றொரு வைத்தியம், ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து இரவில் குடித்தால் மறுநாள் மலத்தோடு பச்சைநிறக் கற்கள் விழும் என்கிறது. விழுவது உண்மைதான். 2005-இல் லான்செட் இதழில் வெளிவந்த குறிப்பு, அத்தகைய உருண்டைகளைச் சோதித்து, அவை எண்ணெயும் சாறும் குடலுக்குள் வினைபுரிந்து உண்டாக்கிய சோப்புக் கட்டிகள் என்று காட்டியது. கற்கள் பையில் இருந்த இடத்திலேயே இருந்தன.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தால் என்ன என்று நோயாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. 1882 ஜூலை மாதத்தில் பெர்லின் நகரின் லாசரஸ் மருத்துவமனையில், 43 வயதான ஒருவருக்கு உலகிலேயே முதன்முறையாகப் பித்தப்பையை முழுமையாக அகற்றிய கார்ல் லாங்கன்பூக், இதற்கு அப்போதே விடை சொல்லிவிட்டார்: பையை எடுப்பது அதில் கல் இருக்கிறது என்பதற்காக அன்று, கல்லைத் தொடர்ந்து உருவாக்குவது அந்தப் பைதான் என்பதற்காக. அதன் பிறகு நூறாண்டுகளுக்கு, வலது விலா எலும்பின் கீழே நீளமாகக் கிழித்து, தசையை வெட்டி, பையை எடுப்பதே உலகெங்கும் முறையாக இருந்தது. நோயாளி ஒரு வாரம் மருத்துவமனையிலும் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டிலும் முடங்குவார்.

இந்த முறையை மாற்றியவர்கள் தொடக்கத்தில் பெற்ற வரவேற்பு, மருத்துவ உலகம் தன்னைப் பற்றிப் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கதாக இல்லை. கீல் நகரின் மகப்பேறு மருத்துவர் குர்ட் செம், 1980-இல் லேப்ராஸ்கோப் வழியாகக் குடல்வாலை அகற்றியபோது, அறுவை மருத்துவர்கள் அவரைக் கேலிசெய்தார்கள். அவரது வழியைப் பின்பற்றி, 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் மியூஹே முதல் நுண்துளைப் பித்தப்பை அறுவையைச் செய்தார். அடுத்த ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் அதை அவர் எடுத்துரைத்தபோது, அவையோர் அதைச் சிறுபிள்ளை விளையாட்டாகக் கருதிப் புறந்தள்ளினர். பின்னர் ஒரு நோயாளியின் மரணத்தையொட்டி அவர் நீதிமன்ற வழக்கையும் சந்திக்க நேர்ந்தது. 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே தனித்து இதையே செய்தார். உடலுக்குள் ஒற்றைக் கண்ணால் குழாய் வழியே பார்த்துக்கொண்டிருந்த நிலை மாறி, சிறு வீடியோ கேமரா அந்தக் காட்சியைத் தொலைக்காட்சித் திரையில் விரித்தபோதுதான், அறுவை அரங்கில் இருந்த அனைவரும் ஒரே காட்சியைப் பார்த்து ஒத்துழைக்க முடிந்தது. போர்தோ நகரின் ஜாக் பெரிசா 1989-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்த மாநாட்டில், முறையான அமர்வில் அன்றி அரங்கின் ஓரத்திலிருந்த காட்சிக்கூடத்தில் தம் வீடியோவை ஓட்டிக்காட்ட, கூட்டம் அங்கே திரண்டது. இந்தியாவில் 1972 முதலே நோயறிதலுக்காக லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்திவந்த டெஹெம்டன் உத்வாடியா, 1990 மே மாதத்தில் மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையில், அதாவது அரசு மருத்துவமனை ஒன்றில், நாட்டின் முதல் நுண்துளைப் பித்தப்பை அறுவையைச் செய்தார். தமிழகத்தில் இக்கலை வேரூன்றியதில் கோவையின் சி. பழனிவேலுவுக்குப் பெரும் பங்குண்டு. பிற மாநிலங்களிலிருந்து மருத்துவர்கள் இதைக் கற்கக் கோவைக்கு வரும் நிலை அதனால் உருவானது.

அறுவை நடக்கும் விதம் இது: முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் தொப்புள் அருகே சிறிய கீறல் இட்டு, வயிற்றறைக்குள் கரியமில வாயுவை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குள் நிரப்பி, வயிற்றுச் சுவர் கூடாரம்போல் உயர்ந்ததும் கேமராவை உள்ளே செலுத்துகிறார்கள். மார்பெலும்பின் அடியில் ஒரு துளையும், வலப்புறத்தில் 5 மில்லிமீட்டர் அளவுள்ள இரு துளைகளும் கருவிகளுக்கானவை. பித்தப்பைக் குழாயையும், பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் அடையாளம் கண்டு, சிறு உலோகக் கிளிப்புகளை மாட்டி வெட்டிய பின், பையைக் கல்லீரலிலிருந்து உரித்து, துளை வழியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். அறுவைக்குப் பிறகு வயிற்றைவிடத் தோள்பட்டை அதிகம் வலிப்பதாகப் பலர் கூறுவது கற்பனை அன்று. எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்த, அங்கிருந்து செல்லும் நரம்பு அந்த வலியைத் தோளில் உணர்த்துகிறது. ஓரிரு நாளில் அது அடங்கிவிடும்.

சிறிய துளையின் பெருமையைச் சற்று நிதானத்தோடு பார்க்கத் தூண்டும் ஆய்வு ஒன்று 1996-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்து வந்தது. 200 நோயாளிகளில் பாதிப் பேருக்கு நுண்துளை முறையிலும், பாதிப் பேருக்குச் சிறிய கீறல் வழியாகத் திறந்த முறையிலும் பையை அகற்றிய மருத்துவர்கள், இரு சாராருக்கும் வயிற்றில் ஒரே மாதிரியான கட்டுகளைப் போட்டு, யாருக்கு எந்த அறுவை நடந்தது என்பது நோயாளிக்கும் செவிலியருக்கும் தெரியாதபடி மறைத்தார்கள். மருத்துவமனையில் தங்கிய நாள்களிலும், வேலைக்குத் திரும்பிய காலத்திலும் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயாளி விரைவில் எழுந்து நடப்பதில் துளையின் அளவுக்கு இருக்கும் பங்கைப் போலவே, சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று மருத்துவமும் நோயாளியும் கொள்ளும் எதிர்பார்ப்புக்கும் பங்கு உண்டு போலும். இதனால் நுண்துளை முறை வீண் என்று ஆகிவிடாது. பழைய நீண்ட வெட்டோடு ஒப்பிட்டால் அதன் மேன்மை மறுக்க முடியாதது. ஆயினும், வேறு வழியே இல்லை என்று நினைக்கும் அளவுக்கு அதைத் தெய்வமாக்க வேண்டியதில்லை என்பதை இந்த ஆய்வு நினைவூட்டுகிறது.

புதிய முறை பரவிய வேகத்தின் மறுபக்கத்தை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தின் பதிவுகள் காட்டின. 1980-களின் இறுதிக்கும் 1992-க்கும் இடையே அங்கே பித்தப்பை அறுவைகள் 28 விழுக்காடு பெருகின. ஒவ்வோர் அறுவைக்குமான மரண வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால், அறுவைகளின் எண்ணிக்கை கூடிவிட்டதால், அறுவையால் இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை குறையவே இல்லை. அந்த நான்கைந்து ஆண்டுகளில் மக்களுக்குக் கல் திடீரென்று கூடிவிடவில்லை. அறுவைக்குச் சம்மதிக்கும் எல்லைதான் தாழ்ந்துவிட்டது. நோயாளியின் பயத்தைக் குறைக்கும் எந்தத் தொழில்நுட்பமும் மருத்துவரின் தயக்கத்தையும் சேர்த்தே குறைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எனவே, யாருக்கு அறுவை வேண்டும் என்ற கேள்வியே முதன்மையானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொந்தரவு ஏதுமின்றிக் கல் வைத்திருந்த 123 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1982-இல் வெளியான ஆய்வில், 5 ஆண்டுகளில் 10 விழுக்காட்டினருக்கும், 20 ஆண்டுகளில்கூட 18 விழுக்காட்டினருக்கும் மட்டுமே பித்தவலி வந்தது. மற்றவர்கள் கல்லோடு நிம்மதியாகவே வாழ்ந்தார்கள். வலியற்ற கல்லுக்கு அறுவை வேண்டாம் என்ற பொதுவிதி இத்தகைய ஆய்வுகளின் மீது நிற்கிறது. விதிவிலக்குகளும் உண்டு: 3 சென்டிமீட்டரைத் தாண்டிய கல், சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிய பை, கல்லோடு கூட 1 சென்டிமீட்டர் அளவை எட்டிய சதை வளர்ச்சி, அரிவாள் செல் போன்ற ரத்த நோய் ஆகியவை இருந்தால் வலியில்லாவிட்டாலும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில் உலகின் உச்ச அளவுகளில் ஒன்றாகக் காணப்படுவதால், அங்குள்ள மருத்துவர்கள் வலியற்ற கல்லையும் சந்தேகத்தோடு பார்ப்பதில் பொருள் உண்டு; அந்நோய் அரிதாக இருக்கும் தென் மாநிலங்களில், வடக்கின் அச்சத்தை அப்படியே இறக்குமதி செய்து நோயாளியை மிரட்டுவது முறையன்று.

வலி என்று சொல்லப்படுவது எது என்பதிலும் தெளிவு தேவை. உண்மையான பித்தவலி, மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ, பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகோ நள்ளிரவிலோ தொடங்கி, அரைமணி நேரத்துக்கும் மேலாக விடாமல் நீடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவி, பிறகு தானாக அடங்கும். ஏப்பம், வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் ஆகியவை பித்தப்பையின் மொழி அல்ல. கேஸ் டிரபிள் என்று சொல்லிக்கொண்டு வருபவருக்குத் தற்செயலாகக் கல் தென்பட்டு, அதை எடுத்த பிறகும் உப்புசம் அப்படியே நீடிப்பது அன்றாடம் காணக்கூடியது. நெதர்லாந்தின் 24 மருத்துவமனைகளில் 1,067 பேரைச் சேர்த்து நடத்தி, 2019-இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பான வரையறைகளைக் கையாண்ட குழுவிலும், வழக்கமான முறையில் முடிவெடுத்த குழுவிலும், ஓராண்டுக்குப் பிறகு வயிற்றுவலியின்றி இருந்தவர்கள் முறையே 56, 60 விழுக்காட்டினர் மட்டுமே. பிரிட்டனில் சிக்கலற்ற பித்தவலி உள்ள 434 பேரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், முதலில் பொறுத்திருந்து பார்ப்போம் என்ற குழுவில் 18 மாதங்களுக்குள் கால்வாசிப் பேருக்கே அறுவை தேவைப்பட்டது. வலியின் அளவிலும் அவர்கள் அறுவைக்கு ஒதுக்கப்பட்ட குழுவினரைவிடப் பின்தங்கவில்லை. அடிக்கடி வலியால் துடிப்பவருக்கு அறுவைதான் தீர்வு என்பதில் மாற்றமில்லை. ஆனால், ஒரே ஒருமுறை வலி வந்தவருக்கு யோசிக்க அவகாசம் உண்டு என்று சொல்லும் துணிவை இந்த ஆய்வு மருத்துவருக்குத் தர வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, அழற்சி ஏற்பட்ட பிறகும் தள்ளிப்போடுவது. பித்தப்பைக் குழாயில் கல் அடைத்துக்கொண்டு, பை வீங்கி, காய்ச்சலும் ஓயாத வலியும் வரும்போது, ஊசி போட்டு அடக்கிவிட்டு ஆறு வாரம் கழித்து அறுவை செய்துகொள்ளலாம் என்பது பழைய மரபு. வீக்கம் முற்றிலும் தணியட்டும், நல்ல நாள் வரட்டும் என்று குடும்பங்களும் அதை விரும்புகின்றன. ஜெர்மனியை மையமாகக் கொண்டு 618 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 11.8 விழுக்காட்டினருக்கும், தள்ளிப்போட்டவர்களில் 34.4 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. காத்திருக்கும் வாரங்களில் வீங்கிய திசுக்கள் நார்போல இறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், பிந்திய அறுவை எளிதாவதற்குப் பதில் கடினமாகிறது. கல் பொதுப் பித்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் வழி வேறு: வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்திக் கல்லை எடுத்துவிட்டு, பையை அதன் பிறகு அகற்ற வேண்டும்.

அறுவையின் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை நோயாளிகள் அறிவது குறைவு. பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயையே வெட்டிவிடுவதுதான் அது. திறந்த அறுவையில் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு நேர்ந்த இந்தக் காயம், நுண்துளை முறையின் தொடக்க ஆண்டுகளில் ஆயிரத்தில் நான்கு, ஐந்து பேர் என்று உயர்ந்தது. அனுபவம் கூடக்கூட இப்போது கணிசமாகத் தணிந்துவிட்டாலும் அறவே நீங்கவில்லை. இக்காயம் பட்டவர் மாதக்கணக்கில் குழாய்களோடும் மறு அறுவைகளோடும் வாழ நேரிடும். சான் பிரான்சிஸ்கோவின் லாரன்ஸ் வேயும் அவரது குழுவினரும் 252 காயங்களைப் பகுத்தாராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், 97 விழுக்காட்டுப் பிழைகளுக்குக் காரணம் கைத்திறன் குறைவு அன்று, கண் செய்த ஏமாற்று என்றார்கள். பையை மேலிழுக்கும்போது இரு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் வந்து ஒன்றுபோலத் தோன்ற, மருத்துவர் தவறான குழாயை முழு நம்பிக்கையோடு வெட்டுகிறார். வெட்டும்போது தாம் தவறு செய்வதாக அவருக்குத் தோன்றுவதே இல்லை என்பதுதான் இதில் அச்சமூட்டுவது.

கண்ணை நம்பாமல் நடைமுறையை நம்பும் வழியை ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 1995-இல் வகுத்தளித்தார். குழாய்க்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள முக்கோணப் பகுதியைக் கொழுப்பும் நாரும் நீங்கச் சுத்தம்செய்து, பையின் கீழ் மூன்றிலொரு பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பைக்குள் நுழைவன இரண்டே இரண்டு உறுப்புகள் என்பது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கிளிப் போட வேண்டும். அந்தக் காட்சி கிட்டாவிட்டால் வெட்டக் கூடாது. வீக்கத்தால் எதுவும் தெளிவாகத் தெரியாதபோது, பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து ஆபத்தான இடத்தைத் தொடாமல் விட்டுவிடலாம். வயிற்றைத் திறந்து முடிக்கலாம். குழாய் வைத்து வடித்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். இம்மூன்றுமே அறிவார்ந்த பின்வாங்கல்கள். ஆனால், துளை வழியே ஆரம்பித்துத் திறந்து முடிந்தால் மருத்துவர் தோற்றுவிட்டார் என்றும், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் உறவினர்கள் பேசும் சூழலில், எந்த மருத்துவர் துணிந்து பின்வாங்குவார்? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம், அது உங்கள் உயிரைக் காக்கத்தான் என்று வாய்விட்டுச் சொல்லும் மருத்துவரே அந்த அழுத்தத்திலிருந்து தப்புகிறார்.

அறுவை முடிந்ததும், கிண்ணத்தில் கற்களைப் போட்டு எடுத்துவந்து உறவினர்களிடம் காட்டுவதும், சிறு குப்பியில் அடைத்துக் கொடுப்பதும் நம் மருத்துவமனைகளில் சடங்காகவே நிலைத்துவிட்டன. கல் இருந்ததற்கு ஸ்கேன் அறிக்கையே போதிய சான்று. நோயாளிக்குப் பயன்படும் சான்று வேறு. கிளிப் போடுவதற்கு முன், இரண்டே உறுப்புகள் தெரியும் அந்தத் தருணத்தில் எடுத்த படம், ஒவ்வொரு நோயாளியின் கோப்பிலும் இருக்க வேண்டும். கேமரா ஏற்கெனவே வயிற்றுக்குள் இருக்கும்போது, ஒரு பொத்தானை அழுத்துவதற்கு மேல் இதற்குச் செலவு கிடையாது. அறுவை ஒன்றுக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் பணம் வழங்கும் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள், ஸ்கேன் அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், நோயாளிக்கு எத்தகைய வலி எத்தனை முறை வந்தது என்ற குறிப்பையும் இந்தப் படத்தையும் கேட்கத் தொடங்கினால், தேவையற்ற அறுவையும் அவசர வெட்டும் ஒருசேரக் குறையும்.

குப்பியைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் பல, பையின் நுண்ணோக்கிப் பரிசோதனை முடிவை வாங்க மீண்டும் வருவதே இல்லை. கல்லுள்ள பையில் புற்றுநோய் ஒளிந்திருப்பது நம் பகுதியில் அரிது என்றாலும், இருந்தால் அதைக் காட்டுவது பல நேரங்களில் அந்த அறிக்கை மட்டுமே. உரிய காலத்தில் தெரிந்தால் அடுத்த அறுவையால் காப்பாற்ற வழியுண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் தையல் பிரிக்கும் தேதிக்குக் கீழே, பயாப்சி முடிவு எந்தத் தேதியில் வரும், அதை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்ற ஒரு வரியை எழுதி, வீட்டுக்குக் கிளம்புபவரிடம் அதை வாசித்தும் காட்ட மருத்துவமனைகளுக்கு இரண்டு நிமிடம் போதும்.